இரண்டு செட் சீருடை

சுவா சூ காங்
31 மே 2025

ஈவா,

உன் எண்ணுக்கு நான் அனுப்புவது எதுவும் ஒற்றை டிக்கைத் தாண்டுவதில்லை. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டேன். பெற்றவளையே பிளாக் செய்த மகளுக்குத் தாளும் பேனாவும் எடுத்து எழுத வேண்டும் என்பது என் தலையெழுத்து. அப்பா நாளைக்குப் பூசை முடிந்ததும் உன்னைப் பார்க்க ஃபேரர் பார்க்கில் அத்தை வீட்டுக்கு வருவார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடு. உறையை ஒட்டித்தான் தருவேன், அவர் பிரித்துப் படிக்கிறவர் இல்லை.

நீ கோபித்துக்கொண்டு போனது இங்கே யாருக்கும் தெரியாது. அத்தைக்கு உடம்பு சரியில்லை, துணைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கோயில் பக்கம் வந்தால் அத்தையைக் கொஞ்சம் இருமச் சொல்.

பொய்க்காரி என்று கத்திவிட்டுப் போனாயே, ஆரம்பித்தது யார்? பள்ளி இறுதி ஓ நிலைத் தேர்வில் பத்தொன்பது புள்ளி எடுத்தாய். இருபதைத் தாண்டாதவர்கள் தொடக்கக் கல்லூரியில் சேரலாம், அங்கிருந்து பல்கலைக்கழகம். இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விண்ணப்பத்தில் முதல் விருப்பமாக அதைத்தான் போட்டோம். கடைசி நாள் மதியம் நூலகக் கணினியில் உட்கார்ந்து, எனக்குத் தெரியாமல் அதை அழித்துவிட்டு ஐடிஇ தொழிற்கல்லூரியில் மின் வேலைப் படிப்பை முதலில் போட்டது நீ.

எனக்கு என்ன தெரியும்? இடம் உறுதி என்று நம்பி, முடிவு வருவதற்கு முந்தின வாரமே கோயில் அலுவலகத்தில் நன்றிப் பூசைக் கருத்து எழுதிக் கொடுத்துவிட்டேன். தமிழ்ப் பூசைக்கு முன்கூட்டியே கொடுக்காவிட்டால் இடம் கிடைக்காது என்று உனக்கே தெரியும். 'தொடக்கக் கல்லூரியில் சேர்ந்துள்ள ஈவாவுக்காக, நன்றியாக, பெற்றோர்' என்று ஃபாதர் வாசித்தபோது, உன் கைப்பேசிக்கு ஐடிஇ செய்தி வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. நான் எழுந்து நின்று, இல்லை ஃபாதர், தப்பு என்று சொல்லியிருக்க வேண்டுமா? பூசை முடிந்து எத்தனை பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள் தெரியுமா?

அன்று மாலையே பதினான்காம் மாடி அருள்ஜோதி சீருடையோடு வந்து நின்றார். அதே கல்லூரியில் அவர் மகள் லொரைன் உடுத்தியது, இரண்டு செட், இஸ்திரி போட்டு மடித்து. பாடகர் குழுவுக்குத் தலைவி அவர். என்னிடம் தமிழ் டியூஷன் வரும் பதினான்கு பிள்ளைகளில் ஒன்பது பேர் அவர் சொல்லி வந்தவர்கள். அந்த முகத்தைப் பார்த்து என்னால் மறுக்க முடியவில்லை.

வீட்டுக்கு வா. ஐடிஇ-யை விட்டுவிட்டு அடுத்த ஆண்டு தேர்வைத் திரும்ப எழுதலாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். இந்த ஒரு வருடத்தை யாரும் கணக்கில் வைக்கமாட்டார்கள்.

அம்மா


ஃபேரர் பார்க்
1 ஜூன் 2025

அம்மா,

உங்களிடம் தமிழ் படித்த பாவத்துக்கு இதையும் தமிழிலேயே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் உங்களுக்குப் பாதிதான் உறைக்கும். அத்தை இரும மாட்டாராம், நல்ல உடம்போடு இருப்பதாகச் சொல்லச் சொன்னார்.

விண்ணப்பத்தை மாற்றியது நான்தான். உங்களிடம் சொல்லாமல் செய்தது தப்பு. சொல்லியிருந்தால் மாற்ற விட்டிருக்க மாட்டீர்கள் என்பதும் உண்மை. பத்தொன்பது புள்ளி நான் ஓடிப் பிடித்த புள்ளி இல்லை அம்மா, நீங்கள் பின்னால் நின்று தள்ளியது. ஆறு வயதிலிருந்து வாரத்தில் ஐந்து நாள் டியூஷன். ஆறாவது நாள் நீங்கள். இன்னும் இரண்டு வருடம் அப்படித் தள்ளினால் நான் விழுந்துவிடுவேன் என்று எனக்குத் தெரிந்தது.

நீங்கள் பூசையில் ஒரு நாள் சங்கடப்பட்டீர்கள். நான் பட்டது இது. காலை ஆறு நாற்பதுக்கு லொரைனின் சீருடையைப் போட்டுக்கொண்டு பன்னிரண்டாம் மாடியில் லிஃப்டுக்கு நிற்பேன். கதவு திறக்கும்போது அருள்ஜோதி ஆன்ட்டி ஏற்கெனவே உள்ளே நிற்பார்.

"என்னம்மா ஈவா, காலேஜ் எப்படி? லெக்சர்லாம் ஓகேவா?"

"ஓகே ஆன்ட்டி."

"ஃபர்ஸ்ட் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும் லா. அப்புறம் பழகிடும்."

பன்னிரண்டு மாடி. வேறு யாராவது ஏறமாட்டார்களா என்று ஒவ்வொரு மாடியிலும் எண்ணைப் பார்ப்பேன்.

எம்ஆர்டி ரயில் நிலையத்துக் கழிவறையில் மாற்றிக்கொள்வேன். கடைசிக் கதவுதான் என்னுடையது. மற்ற கதவுகளில் பை மாட்டும் கொக்கி உடைந்திருக்கும், இல்லாவிட்டால் ஆடும். அங்கே மட்டும் கெட்டியாக இருக்கும். ஈரத் தரையில் சீருடை படாமல் மடிக்க எத்தனை நாள் பழகினேன் தெரியுமா? ஐடிஇ-யில் ஏப்ரலில்தான் வகுப்பு ஆரம்பம். பிப்ரவரியில் தொடங்கி இரண்டு மாதம் நான் போவதற்கு ஓர் இடமும் இல்லை. நூலகம் பத்து மணிக்குத்தான் திறக்கும். அதுவரை சிவப்புத் தட ரயிலில் மரினா பே போய், அதே ரயிலில் திரும்பி வருவேன். அந்த இரண்டு மாதத்தில் ஒரு நாளாவது எங்கே போகிறாய், என்ன சாப்பிட்டாய் என்று நீங்கள் கேட்டதில்லை. கேட்டால் பதில் வரும் என்று பயந்தீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, படிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நீங்கள் காட்டும் உதாரணம் அப்பா. "ஒங்கப்பா மாதிரி ஸ்க்ரூ டிரைவரோட ஏணியில தொங்கணுமா?" இதை அப்பா எதிரில் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிடும்போதே கேட்பீர்கள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். உங்கள் டியூஷன் அறையில் விளக்கு, மின்விசிறி, பிள்ளைகள் கைப்பேசி சார்ஜ் போடும் பிளக், எல்லாம் அந்த ஏணியில் ஏறி அவர் போட்டது.

நான் திரும்பி வர ஒரே ஒரு வழி. அருள்ஜோதி ஆன்ட்டியிடம் நீங்களே உண்மையைச் சொல்லுங்கள். சொன்ன பிறகு வருகிறேன். அதுவரை அந்த லிஃப்டில் கால் வைக்க மாட்டேன்.

ஈவா


சுவா சூ காங்
14 ஜூன் 2025

ஈவா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் போன வாரம் பதில் எழுதவில்லை. அப்பா வெறும் கையோடு வந்ததற்குக் காரணம் அதுதான். அவரைக் கோபிக்காதே.

அவரிடம் கேட்டேன். "நான் அப்படிச் சொல்லியிருக்கேனா?" என்றேன்.

"எத்தன தடவைன்னு கேளு" என்று சொல்லிவிட்டுச் சன்னலைச் சாத்தப் போய்விட்டார்.

இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவர் என்னைக் குறை சொன்னது அந்த ஒரு வரிதான். அதை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

என் பக்கத்தையும் கேள். தினமும் அவர் தோளுக்குத் தைலம் தேய்ப்பவள் நான். வலது கையைக் காதுக்கு மேலே தூக்க முடியாது, அவருக்கு ஐம்பத்து இரண்டு வயது. நகர மன்றத்துக் குத்தகைக்காரரிடம் வேலை, கூப்பிட்ட அடுக்குமாடிப் புளோக்குக்குப் போக வேண்டும். மழை, வெயில், படிக்கட்டு விளக்கு. இரண்டு முறை விழுந்திருக்கிறார், ஒரு முறைதான் உனக்குத் தெரியும். அவரை மட்டம் தட்ட வேண்டும் என்று நான் பேசவில்லை. உனக்கும் அந்தத் தோள் வந்துவிடக் கூடாது என்று பேசினேன். பேசிய விதம் தப்பாக இருக்கலாம். பயம் தப்பில்லை.

நீ கேட்பது மட்டும் என்னால் ஆகாது. அருள்ஜோதி மனது வைத்தால் ஒரே வாரத்தில் அந்த ஒன்பது பிள்ளைகளும் நின்றுவிடும். அவர் மனது வைக்காவிட்டாலும் நிற்கும். சொந்த மகளைக் கரையேற்றத் தெரியாதவளிடம் யார் பிள்ளையை அனுப்புவார்கள்? போன ஞாயிறுகூட அவர் சொன்னார், லொரைனுக்குப் பெர்த்தில் குளிர் தாங்கவில்லையாம், கம்பளிச் சட்டை வாங்கி அனுப்பினாராம். ஒற்றையாளாக நின்று மகளை ஆஸ்திரேலியாவில் படிக்க வைக்கிற மனுஷி. அவர் எதிரில் நின்று என் மகள் ஐடிஇ என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டு ஜெபத்துக்கு எல்லோரும் முறை வைத்துக் கூப்பிடுகிறோம், அவர் மட்டும் கூப்பிடுவதில்லை. வீட்டில் மராமத்து வேலை என்பார். அப்படிப்பட்டவர் என் வீட்டுப் படியேறி வந்து சீருடை கொடுத்தாரே என்று அன்றைக்கு எனக்கு ஒரு பெருமை. அதையும் மறைக்கவில்லை.

லிஃப்டில் ஏறாவிட்டால் படியில் ஏறி வா. வீடு உன்னுடையதுதானே?

அம்மா


ஃபேரர் பார்க்
19 ஜூன் 2025

அம்மா,

பன்னிரண்டு மாடியையும் படியில் ஏறி வந்து வீட்டுக்குள் ஒளிந்துகொள்ளவா?

போன சனிக்கிழமை அத்தையோடு தேக்கா சந்தைக்குப் போனேன். ஐடிஇ சட்டை போட்டிருந்தேன், காலையில் பயிற்சி இருந்தது. பிரியாணிக் கடை வரிசையில் அருள்ஜோதி ஆன்ட்டி. சட்டென்று துணிக்கடையில் தொங்கும் புடவைகளுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன். அத்தை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், நான் வாயைத் திறக்கவில்லை. ஆன்ட்டி இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு போகிறவரை அப்படியே நின்றேன். தனியாக இருக்கிறவருக்கு இரண்டு பொட்டலம் எதற்கோ. இத்தனைக்கும் வீட்டைவிட்டு வந்து ஆறு வாரம் ஆகிறது. சுவா சூ காங்கிலிருந்து ஓடி வந்தும் அந்த லிஃப்டுக்குள்ளேயே நிற்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. கடைக்காரர் என்னைத் திருடி என்று நினைத்திருப்பார்.

நானும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். முதல் நாள் நீங்கள் என்னை வற்புறுத்தவில்லை. "சும்மா போட்டுப் பாரு" என்றுதான் சொன்னீர்கள். கண்ணாடியில் பார்த்தேன். எனக்குப் பிடித்திருந்தது. அந்தச் சீருடையில் நான் கெட்டிக்காரியாகத் தெரிந்தேன். ஒரு நாள் போட்டால் என்ன என்று நினைத்தேன். மறுநாள் லிஃப்டில் ஆன்ட்டி இருந்தார், அதோடு சரி.

அந்தச் சீருடையை நீங்கள் சரியாகப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு வருடம் உடுத்திய துணி போல அது இல்லை. காலரில் அழுக்கில்லை, பையில் பேனாக் கறை இல்லை, பாவாடையின் மடிப்பு மழுங்கவே இல்லை. லொரைன் அவ்வளவு சுத்தக்காரி போலிருக்கிறது. நான் மூன்று மாதத்தில் அழுக்காக்கிவிட்டேன். உங்கள் அலமாரியில் கீழ்த்தட்டில் இருக்கிறது. துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கொடுக்கும்போது என்ன சொல்வது என்று யோசித்து வையுங்கள்.

ஈவா


சுவா சூ காங்
28 ஜூன் 2025

ஈவாம்மா,

சொல்லிவிட்டேன்.

திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாள் காலையில் காய்கறி வாங்குகிறவள் போல ஆறு நாற்பதுக்கு லிஃப்டில் ஏறினேன். அருள்ஜோதி உள்ளே இருந்தார். மூன்று நாளும் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டுக் கீழே இறங்கினேன். நீ எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றதாக எழுதியிருந்தாயே, நானும் பார்த்தேன். பதினேழு வயதுப் பிள்ளையை நான் எதற்குள் நிற்க வைத்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வியாழன் மாலை சீருடையைத் துவைத்து இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு பதினான்காம் மாடிக்குப் போனேன். இரும்புக் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே, "குடுங்க அமலா, நான் வாங்கிக்கிறேன்" என்றார். நான் கொடுக்காமல் மடமடவென்று எல்லாவற்றையும் சொன்னேன். பூசைக் கருத்து, ஐடிஇ, எம்ஆர்டி கழிவறை, எல்லாம். அப்போது அவர் முதுகுக்குப் பின்னால் ஓர் அறைக் கதவு திறந்தது. தலை கலைந்த ஒரு பெண் தண்ணீர் எடுக்க வந்து, என்னைப் பார்த்ததும் உறைந்து நின்றாள். லொரைன்.

அவள் பெர்த்தில் இல்லை ஈவா. எங்கேயும் போகவில்லை. தொடக்கக் கல்லூரியில் ஏழு மாதம் பேர்தான் இருந்தது. வகுப்புக்குப் போனது அதிலும் பாதி நாள்தான். அப்புறம் அறையை விட்டு வெளியே வர மறுத்துவிட்டாளாம். அடுத்த மாதம் சரியாகும், அதற்கடுத்த மாதம் சரியாகும் என்று பார்த்து, பாடகர் குழுவில் யாரோ கேட்டபோது ஆஸ்திரேலியா என்று அருள்ஜோதி வாயில் வந்துவிட்டதாம். இரண்டு வருடம் ஆகிறது. அந்த மனுஷி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "யாருகிட்டயும் சொல்லிடாதீங்க அமலா" என்றார். சரி என்று சத்தியம் செய்து கொடுத்துவிட்டேன். ஒரு பொய்யை இறக்கி வைக்கப் போய் இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். உன்னிடமும் அப்பாவிடமும் சொல்ல அவரிடமே அனுமதி வாங்கினேன், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

லொரைன் அறையில் மின்விசிறி நின்று ஐந்து மாதம். இந்த வெக்கையில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடக்கிறாள். கோயிலில் எல்லோரும் கூப்பிடுவது உன் அப்பாவைத்தான். அவரைக் கூப்பிட்டால் எனக்குத் தெரிந்துவிடும் என்று கூப்பிடவில்லை. வெளியாளைக் கூப்பிட்டால், ஆம்பிள ஆள் அறைக்குள் வரக் கூடாது என்று அவள் கதவைத் தாழ்போட்டுக்கொள்கிறாள். நான் கிளம்பும்போது அருள்ஜோதி கேட்டார்: "ஈவா கரண்ட் வேலதான படிக்கிறா? பொண்ணுன்னா கதவத் தொறப்பா."

அப்பா கூட வருவார். போகிறாயா? இதை நான் உனக்குச் சொல்லும் வேலையாக எடுத்துக்கொள்ளாதே. கேட்கிறேன்.

அம்மா


ஃபேரர் பார்க்
6 ஜூலை 2025

அம்மா,

நேற்று வந்து போட்டுவிட்டுப் போனேன். அப்பா சொல்லியிருப்பார். வீட்டு மணியை அடிக்காமல் திரும்பியதற்கு வருத்தப்படாதீர்கள். கதவுக்கு வெளியே நின்றேன். நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் நடத்திக்கொண்டிருந்தீர்கள். உங்கள் குரல் கேட்டது. உள்ளே வந்திருந்தால் இதைச் சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன்.

அப்பா வாசலருகில் மின்பெட்டியில் விசையை இறக்கிவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். அறைக்குள் நான் மட்டும் ஏணியோடு போனேன். சன்னல் திரை இழுத்து மூடியிருந்தது. லொரைன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், எனக்கு மூன்று வயதுதான் மூத்தவள். நான் ஏறியதும் ஏணி கொஞ்சம் ஆடியது. அவள் எழுந்து வந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் பிடிக்கச் சொல்லவில்லை.

கப்பாசிட்டர் போயிருந்தது. கட்டைவிரல் அளவு சாமான், அதை மாற்றினால் போதும். டெஸ்ட் பேனா வைத்துப் பார்த்துவிட்டு ஒயரைப் பிரித்தேன். கை நடுங்கவில்லை அம்மா. பரீட்சைத் தாளை வாங்கும்போதெல்லாம் நடுங்குமே, அது வரவில்லை. இதற்காகத்தான் விண்ணப்பத்தை மாற்றினேன் என்று உங்களுக்குக் காட்ட வேண்டும் போல இருந்தது.

கீழேயிருந்து அவள் பேசினாள். "பூசையில ஒம்பேர வாசிச்சப்ப நான் கேட்டேன். யூடியூப்ல லைவ் போடுவாங்கல்ல, ஒவ்வொரு சண்டேயும் பாப்பேன்."

நான் பழைய கப்பாசிட்டரைக் கழற்றினேன்.

"என் யூனிஃபார்ம் போட்டுட்டுப் போனியாமே. எங்க மாத்துவ?"

"எம்ஆர்டி டாய்லட்ல."

"எந்தக் கதவு?"

"கடைசிக் கதவு."

அவள் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். பிறகு கேட்டாள்: "அந்தக் கொக்கி இன்னும் கெட்டியா இருக்கா?"

எனக்குக் கையிலிருந்த திருகாணி கீழே விழுந்துவிட்டது. அவள்தான் தேடி எடுத்துக் கொடுத்தாள். பாதி நாள் வகுப்புக்குப் போகவில்லை என்று ஆன்ட்டி சொன்னாரே, அந்த நாளெல்லாம் அவளும் அங்கேதான் மாற்றிக்கொண்டு என்னைப் போல ரயிலில் சுற்றியிருக்கிறாள். காலையில் அதே லிஃப்ட், பக்கத்தில் அவள் அம்மா. பெர்த் வரை போனதாக ஊரெல்லாம் நம்பியவள், போனது அந்தக் கழிவறைக் கதவு வரைக்கும்தான்.

அப்பா விசையை ஏற்றினார். மின்விசிறி ஓடியது. லொரைன் அதன் அடியில் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றாள். வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்தேன். அறைக் கதவை அவள் உடனே சாத்திக்கொண்டாள்.

அருள்ஜோதி ஆன்ட்டியிடம் சொன்ன பிறகு வருகிறேன் என்று எழுதியிருந்தேன். நீங்கள் சொல்லிவிட்டீர்கள், அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் இப்போது அது போதாது. லொரைன் ரகசியத்தை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், அது அவளுடையது. நம்முடையதை நாம் சொல்லலாம். பீடத்திலிருந்து வாசித்த பொய்யை அங்கிருந்தே மாற்ற வேண்டும், அந்த அறைக்குள் ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள். உங்கள் ஒன்பது பிள்ளைகள் போனாலும் போகலாம். அது எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

பூசைக் கருத்தை எழுதி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். 'ஐடிஇ-யில் மின் வேலை படிக்கும் ஈவாவுக்காக, நன்றியாக, பெற்றோர் அமலா, மின் பணியாளர் இயேசுதாசன்.' நீங்கள் கையெழுத்துப் போட்டு அலுவலகத்தில் கொடுத்தால் போதும். அது வாசிக்கப்படும் ஞாயிறு அத்தை வீட்டில் யூடியூபைத் திறந்து வைத்திருப்பேன். கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பி வருகிறேன், லிஃப்டில்.

எழுத்துப்பிழை இருந்தால் திருத்துங்கள். வேறு எதையும் திருத்த வேண்டாம்.

ஈவா